கோழியைப் பின்பக்கமும் அறுத்துப் பாருங்க

பல்லடம், பொங்கலூர், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் குஞ்சு இறக்கிக் கறிக்கோழி எடுக்கும் ஒப்பந்த நிறுவனத்தாருக்கும், அவர்களிடம் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கும்,

வணக்கமுங்க.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 31 வருசம் ஒரு கால்நடை நோய் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். டாக்டர் அல்ல. டாக்டர் வருவதற்கு முன்னால் செத்த கோழியைத் தண்ணீரில் முக்கி இறகை நனைத்து, மேசைமேல் மல்லாக்கப் போட்டு, தொடை இரண்டையும் விலக்கி வைக்கிறவன். எல்லாம் முடிந்தபிறகு மேசையைக் கழுவுகிறவனும் நான்தான். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் இத்தனை வருசத்தில் கொஞ்சம் சேரத்தானே செய்யும். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து பார்த்தால், என் மகன் தோட்டத்தில் தென்னைக்கு நடுவே இரண்டு செட் போட்டு உங்களில் ஒருவருக்குக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கிறான். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த பேட்ச் குஞ்சு வராது என்று மருமகள் சொல்லிவிட்டாள். அது போக, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேறு வேறு நிறுவனத்துக்கு வளர்க்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையும் இதேதான்.

போன மார்கழியில், பேட்சின் 23-ஆம் நாள் ராத்திரி. சாளைத் திண்ணையில் படுத்திருந்தேன். தூக்கம் வராத வயசு. செட்டுக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு நிமிசம் சும்மா நின்றால், சுகமான கூட்டம் என்றால் மூச்சுக் காட்டாது. அன்றைக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தும்மல். அதற்கடியில் கொர்ர் கொர்ரென்று சளி கட்டின மூச்சு. மகனை எழுப்பினேன். "பனிக்குப் படுதா இறக்கி உட்டது பத்தலையாட்ட இருக்குதுங்ப்பா" என்றான்.

மறுநாள் உங்கள் சூப்பர்வைசர் தம்பி வந்தார். நல்ல பையன். கையில் நாற்பது செட்டுக்கு மேல் இருக்கிறது. மதியச் சோறு பைக்கில் உட்கார்ந்தபடியே சாப்பிடுகிறார். சி.ஆர்.டி. (நாள்பட்ட மூச்சுச் சீக்கு) மாதிரி இருக்குதுங்க என்று சொல்லித் தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். நாலு நாள் கழித்துச் சாவு ஏறியது. டாக்டர் வந்து, தீவனச் சாக்கை விரித்து இரண்டு கோழியை அறுத்தார். இதயத்தைச் சுற்றி வெள்ளைப் படலம், கல்லீரல்மேல் தோசை ஒட்டினாற்போல் ஒரு பூச்சு, நுரையீரலோடு ஒட்டின காற்றுப்பையில் பால்கட்டி போல உறைந்த சீழ். "இ.கோலை" என்று எழுதினார். வேறு மருந்து மாற்றினார். 37-ஆம் நாள் கோழி பிடித்தார்கள். கணக்கு வந்தபோது சாவு எங்கள் தலையில்; மருந்துச் செலவு உற்பத்திச் செலவில் ஏறியதால் வளர்ப்புக் கூலி இறங்கிவிட்டது. ஓரமாக "பராமரிப்புக் குறைவு" என்று ஒரு குறிப்பு வேறு.

டாக்டர் எழுதியது பொய் இல்லை. இ.கோலை இருந்தது. ஆனால் அந்தக் கிருமி எந்தக் கோழியின் குடலில்தான் இல்லை? லிட்டர் என்று செட்டுத் தரையில் பரப்பும் தூளில் இருக்கிறது, தூசியில் இருக்கிறது, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிறது. சுகமான கோழி அதை மூச்சோடு இழுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. 23 நாள் சும்மா கிடந்த கிருமி 28-ஆம் நாள் காற்றுப்பைக்குள் எப்படிக் குடியேறியது? திருடனைப் பிடித்துவிட்டோம், சரி. கதவை உடைத்தவன் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்த இரண்டு கோழியிலும் மூச்சுக்குழலை நீளவாக்கில் கீறிப் பார்க்கவில்லை. கழுத்தில் தைமஸ் என்ற எதிர்ப்புச் சக்தி உறுப்பு எப்படி இருக்கிறது என்று தோலை உரித்துப் பார்க்கவில்லை. பின்பக்கம் திருப்பவே இல்லை.

பின்பக்கம் என்று நான் சொல்வது எதை என்று மருத்துவர்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் பண்ணைக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கோழியின் எச்சத்துவாரத்துக்கு மேலே, முதுகுப் பக்கமாக, ஒரு சின்னப் பை இருக்கிறது. பர்சா என்பார்கள். நாலு வாரக் கறிக்கோழியில் சின்ன நெல்லிக்காய் போல இருக்கும்; கீறினால் உள்ளே மடிப்பு மடிப்பாக, விசிறி மடித்தது மாதிரி. பல நூற்றாண்டுகளாக இது எதற்கென்றே யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஓகியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற இளைஞர் குஞ்சுகளுக்கு இந்தப் பையை அறுத்தெடுத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கோழிகளில் சிலவற்றை அவருடைய நண்பர் டிமதி சாங், மாணவர்களுக்கு எதிர்ப்புப் புரதம் உண்டாவதைக் காட்டுவதற்காக வாங்கி ஊசி போட்டார். பை இல்லாத கோழிகளில் எதிர்ப்புப் புரதமே வரவில்லை. கண்டுபிடிப்பை ஒரு பெரிய அறிவியல் இதழ் திருப்பி அனுப்பிவிட, கோழி வளர்ப்பு பற்றிய இதழில் 1956-இல் வெளியானது. பிற்பாடு உலகமே ஒத்துக்கொண்டது. இன்றைக்கு மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் "பி செல்" (எதிர்ப்புப் புரதம் செய்யும் வெள்ளை அணு) என்று பரீட்சையில் எழுதுகிறார்களே, அந்தப் "பி" பர்சாவின் "பி". மனுசனின் நோய் எதிர்ப்பைப் பற்றிய பாடத்துக்கே நம் கோழியின் பின்புறம்தான் பெயர் கொடுத்தது. அந்த இடத்தை நீங்கள் பார்க்காமல் விடுவது எனக்கு மனத்தாங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி மூச்சுக்குழலுக்கு வருவோம். இருமலோடு தொடங்கும் சீக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டிய வைரஸ்களில் ஒன்று ஐ.பி. எனப்படும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி. இதுவும் ஒரு கொரோனா வைரஸ்தான். நமக்கு அந்தச் சொல் 2020-இல்தான் பழக்கம், கோழியில் இந்த நோய் 1931-லேயே தெரியும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குஞ்சுகளில்தான் அந்த நோயை முதன்முதலாக விவரித்தார்கள். (மனுசருக்கு ஒட்டாது, யாரும் பயப்பட வேண்டாம்.) மூச்சுக்குழலின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அலை அலையாக அசைந்து, தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வைரஸ் ஏறின சில நாளில் அந்த அசைவு நின்றுபோகிறது. ஆய்வகத்தில் மூச்சுக்குழலை வளையம் வளையமாக நறுக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சுகமான வளையத்தில் ஓரமெல்லாம் காற்றில் சோளப்பயிர் ஆடுகிற மாதிரி ஆடும். நோய்ப்பட்ட வளையம் அறுவடை முடிந்த காடு மாதிரி கிடக்கும்.

நான் ரொம்ப நாள் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நுண்மயிர் போச்சு, கிருமி உள்ளே போச்சு, கோழி செத்துப் போச்சு. விசயம் அவ்வளவு எளிதில்லை என்று பின்னால் தெரிந்தது. நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். கறிக்கோழிகளில் ஒரு பகுதிக்கு வீரியமுள்ள ஐ.பி. வைரஸ், இன்னொரு பகுதிக்கு ஐ.பி. தடுப்பூசி வைரஸ், மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் இல்லை. 5 நாள் கழித்து எல்லாவற்றுக்கும் இ.கோலை. வைரஸ் பார்த்த இரண்டு பகுதியிலும் காற்றுப்பைப் புண் மோசமாக இருந்தது, நெடுநாள் நீடித்தது. அங்கே வெள்ளை அணு குறைந்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கூடியிருந்தது. டி செல் என்ற வெள்ளை அணுக்கள் மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் காற்றுப்பையிலும் வழக்கத்தைவிட அதிகம். கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்களும் நுரையீரலிலும் காற்றுப்பையிலும் பெருகியிருந்தன. கெடுதல் ஆளில்லாமையால் வந்ததல்ல, வந்த ஆள் தாறுமாறாக வேலை செய்ததால்தான் பெரும்பாலும் வந்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். சோளத்தட்டுப் போரில் தீப்பிடித்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? அணைக்க ஓடிவந்த கூட்டம் பக்கத்தில் நிற்கும் நல்ல பயிரையும் மிதித்துத் துவைத்துவிட்டுப் போகும். அதுதான்.

கோழியின் உடம்பு அமைப்பும் இதற்குத் தோதாக இருக்கிறது. நம் நுரையீரலில் மேக்ரோபேஜ்கள் எப்போதும் ரோந்து சுற்றுகின்றன. கோழியின் மூச்சுப்பாதையில் சும்மா சுற்றுகிறவை மிகக் குறைவு. கிருமி வந்தபிறகு இரத்தத்திலிருந்து ஓடிவர வேண்டும். நமக்குள்ள மாதிரி நிணநீர் முடிச்சுகளும் கோழிக்கு இல்லை. நமக்கு நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு செய்யும் வேலையைக் கோழியில் ஹெட்டிரோபில் செய்கிறது. சீழை நீராக உருக்கும் சரக்கு அதனிடம் போதாது. கோழிக்குச் சீழ் ஒழுகாமல் பால்கட்டியாக உறைவது அதனால்தான். காற்றுப்பையில் டாக்டர் பார்த்த அந்தப் பால்கட்டி, ஓடிவந்து செத்த வெள்ளை அணுக்களின் குவியல். அதை வெறும் இ.கோலை என்று எழுதினால் பாதிக் கதைதான்.

ஐ.பி.யில் இன்னொரு வகை இருக்கிறது. சிறுநீரகத்தைத் தாக்குவது. அந்த வகையில் சில, இரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளை அணுவுக்குள்ளேயே பெருகி, அதிலேயே பயணம் போய்ச் சிறுநீரகத்தில் இறங்குகின்றன. போலீஸ் ஜீப்பிலேயே ஏறிப் போகும் திருடன். அறுத்தால் சிறுநீரகம் வெளுத்து, வீங்கி, சுண்ணாம்புக் கோடு ஓடியிருக்கும்.

வெள்ளைக்கழிச்சல் நமக்குப் புதிதல்ல. என் சின்ன வயசில் ஊருக்குள் அது நுழைந்தால் கூடைக்குள் ஒரு கோழி மிஞ்சாது. அம்மா சாம்பலைத் தூவிக்கொண்டு ஏதோ சாமியைக் கும்பிடுவாள். 1920-களில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், பின்பு இமயமலைப் பக்கத்து ராணிக்கேத்திலும் கண்டதால் இரண்டு ஊர்ப் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டன. வீரியமான வகை மேக்ரோபேஜுக்குள் பெருகி, மண்ணீரல், தைமஸ், பர்சா மூன்றிலும் நிணநீர் அணுக்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கும். அதனிடம் ஒரு புரதம் இருக்கிறது. இன்டர்ஃபெரான் என்னும் அபாயச் சங்கு ஊதினாலும் பக்கத்து அணுக்கள் எழாதபடி செய்துவிடும். இந்த இன்டர்ஃபெரானையும் 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கோழிமுட்டைக் கருச்சவ்வில்தான் கண்டுபிடித்தார்கள். கோழி மனுசனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களுக்குக் கணக்கில்லை. நாம் கோழிக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்று கேட்டால் முழிக்க வேண்டும்.

எச்9என்2 என்ற வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சலும் உண்டு. தனியாக வந்தால் லேசான தும்மலோடு போகும், ஐ.பி.யோடோ இ.கோலையோடோ சேர்ந்தால் பேட்சைக் கவிழ்க்கும். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் இதற்கு ஒரு தடுப்பூசியை உருவாக்கியிருக்கிறது. ஒரு துணுக்கு: காவிரிப் பாசனத்திலும் பவானி வாய்க்காலிலும் அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேய்கிறதே, அந்த வாத்துகள் பல காய்ச்சல் வைரஸ்களைச் சுமந்துகொண்டு சுகமாக நடக்கின்றன. உள்ளே நுழைந்த வைரஸை அடையாளம் காணும் ரிக்-ஐ என்ற மரபணு வாத்திடம் இருக்கிறது, கோழியிடம் இல்லை என்று 2010-இல் கண்டறிந்தார்கள். பரிணாமத்தில் எங்கோ தொலைத்துவிட்டது. காவல்நாய் இல்லாத சாளை மாதிரி.

ஐயா, இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம், குஞ்சின் எதிர்ப்புச் சக்தி யார் கையில் இருக்கிறது என்று கணக்குப் போடத்தான்.

குஞ்சு பொரிக்கும்போது அதன் உடம்பில் உள்ள எதிர்ப்புப் புரதம் தாய்க்கோழி மஞ்சள் கருவில் வைத்து அனுப்பியது. அது சில நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். கூடுதலாக இருக்கும்போது தடுப்பூசி போட்டால் அந்தப் புரதமே தடுப்பூசி வைரஸை அழித்துவிடும்; குறைந்து போனபிறகு போட்டால் அதற்குள் வயல் வைரஸ் (தடுப்பூசியில் இல்லாமல் வெளியில் திரியும் நிஜ நோய் வைரஸ்) முந்திக்கொள்ளும். நடுவில் இருக்கும் நாள் இரண்டு மூன்றுதான். உங்கள் பொரிப்பகத்தில் நாலு தாய்க்கூட்டத்தின் முட்டையைக் கலந்து ஒரே செட்டுக்கு அனுப்பினால், ஒரு குஞ்சுக்கு அந்த நாள் 11, இன்னொன்றுக்கு 17. எல்லாவற்றுக்கும் சேர்த்து 14-ஆம் நாள் கம்போரோ தடுப்பூசி. பாதிக் குஞ்சுக்குப் பிடிக்காது. பிடிக்காத குஞ்சுகளில் கம்போரோ வைரஸ் நேராகப் பர்சாவுக்குப் போய் பி செல்களை அழிக்கும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் பர்சா போய்விட்டால், அப்புறம் போடும் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் ஐ.பி. தடுப்பூசியும் யாருக்குப் போடுகிறோம்? பாடம் நடத்த ஆள் இருக்கிறது, வகுப்பில் பிள்ளைகள் இல்லை.

தீவனம் உங்களுடையது. மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை நஞ்சு ஏறியிருந்தால், அந்த அஃப்ளாடாக்சின் கல்லீரலை மட்டும் கெடுப்பதில்லை. பர்சாவையும் தைமஸையும் சுருக்கும், மேக்ரோபேஜை மந்தமாக்கும். மழைக்காலத்து மக்காச்சோளம் எப்படி வரும் என்று கொள்முதல் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தடுப்பூசியும் உங்களுடையது, ஐஸ் பெட்டி வெயிலில் எத்தனை மணி நேரம் பைக்கில் சுற்றியது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் கையில் இருப்பதையும் மறைக்கவில்லை. மார்கழிக் குளிருக்குப் படுதாவை முழுசாக மூடிவிட்டு, விடியற்காலை செட்டுக்குள் போனால் கண்ணெரியும். அந்த அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே நுண்மயிருக்குக் கெடுதல். கண் எரிகிற அளவுக்குப் போனால் வைரஸ் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நாமே செய்து வைக்கிறோம். என் மகனும் அன்றைக்கு மூடித்தான் வைத்திருந்தான். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கூரையைத் தூக்குகிற மாதிரி அடிக்கும்போது எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; பனிக்காலத்தில்தான் புத்தி மழுங்குகிறது. போர்த் தண்ணீர் உப்பு. பிளீச்சிங் போட்ட தொட்டியிலேயே தடுப்பூசியைக் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். குளோரின் பட்டால் வைரஸ் செத்துவிடும், அப்புறம் கோழி குடிப்பது வெறும் தண்ணீர். முதல் நாளே பிளீச்சிங்கை நிறுத்தி, பால்பவுடர் கலந்து, தாகம் காட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி வைக்கணும். நீலச்சாயம் போட்டால் எத்தனை கோழிக்கு நாக்கு நீலமாயிருக்கிறது என்று பிடித்துப் பார்த்துவிடலாம். அப்புறம் சண்டைச் சேவல். பொங்கல் கட்டுக்கு என்று நாலு சேவலைச் செட்டுச் சுவரோரமே கட்டி வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். அரவக்குறிச்சிப் பக்கம் கூட்டிப்போய்ப் பத்து ஊர்ச் சேவலோடு மோதவிட்டுத் திரும்ப அங்கேயே கட்டுகிறார்கள். மாசி மாசத்தை ஒட்டி அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக்கூட அந்தச் சேவலைத் தூக்கிப் போவதில்லை. செத்த கோழியைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவாமல் ஓடைக்கரையில் வீசுகிறவர்களும் உண்டு. இதையெல்லாம் நான் என் சாதிசனத்திடம் சண்டை போட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் தாய்க்கூட்டம், தடுப்பூசி, தீவனம், மருந்து இவ்வளவும் உங்கள் கையில். காற்று, தண்ணீர், லிட்டர், செருப்பு எங்கள் கையில். சாவு வந்தால் கணக்கு மட்டும் முழுசாக எங்கள் கூலியில். இந்தப் பங்கீடு சரியா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால், எந்தக் கதவு முதலில் உடைந்தது என்று பார்க்க வேண்டும். பர்சா சுருங்கியிருந்தால் ஒரு பதில். பர்சா நன்றாக இருந்து மூச்சுக்குழல் மட்டும் புண்ணாகியிருந்தால் வேறு பதில். அது பார்க்காமல் போடும் பிடித்தம் குருட்டுப் பிடித்தம்.

பார்ப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. நாலு வாரக் கோழியில் பர்சா மண்ணீரலைவிடச் சிறியதாக இருந்தால் சந்தேகப்படணும். இதற்கு ஆய்வகமே வேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாக்குமேலேயே தெரியும். கழுத்தின் இரு பக்கமும் ஏழெட்டு மணிகளாகத் தைமஸ் கோத்திருக்கும். சீக்கில் அது காய்ந்துபோகும். சாவு ஏறினபிறகு செத்து வெந்துபோன இரண்டு கோழியை அறுப்பதைவிட, இருமல் தொடங்கின முதல் மூன்று நாளில், கொர்ரென்கிற உயிர்க்கோழி நாலைந்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வைரஸ் மூச்சுக்குழலில் இருப்பது அந்த முதல் வாரத்தில்தான். இ.கோலை ஏறி வெண்படலம் வந்தபோது வைரஸ் பெரும்பாலும் தன் வேலையை முடித்துக் கிளம்பியிருக்கும். அப்போது பஞ்சுக்குச்சி எடுத்துப் பி.சி.ஆர். செய்து "வைரஸ் இல்லை" என்று வரும் தாளை எங்களிடம் நீட்டுவது நியாயமில்லை. பர்சா, தைமஸ், மண்ணீரல் துண்டுகளை 10 சதவீத ஃபார்மலினில் போட்டால் கெடாமல் இருக்கும். இரத்தத்தைக் குஞ்சு இறக்கிய அன்றும் பிடிக்கிற அன்றும் எடுத்தால், எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் எலைசா சோதனையில் ஏறியது தடுப்பூசியா வயல் வைரஸா என்று ஓரளவு ஊகிக்கலாம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களில் பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த ஆய்வகமே இருக்கிறது. எங்கள் ஊருக்குத்தான் வருவதில்லை.

எல்லாச் செட்டுக்கும் செய்யச் சொல்லவில்லை, செலவு எனக்கும் தெரியும். ஒரு வட்டாரத்தில் இருமல் முதலில் தொடங்கிய இரண்டு செட்டில் செய்யுங்கள். மற்றவர்களுக்கு அதே பதில் பெரும்பாலும் பொருந்தும். மறுவாரம் தண்ணீரில் கலக்கும் ஆண்டிபயாடிக்கில் ஒரு பகுதியாவது மிஞ்சும். வைரஸை ஆண்டிபயாடிக் தொடாது என்று உங்கள் மருத்துவர்களுக்கு நான் சொல்லவா? ஆனாலும் முதல் நாள் தும்மலுக்கே அடிக்கிறோம். ஏனென்றால் எதாவது கொடுத்தோம் என்று எழுதணும். கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஒன்றிய அரசு 2019-இல் தடை போட்டது எதற்காக? மனுசனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்தைக் கோழிச் செட்டில் தீர்த்துவிடக் கூடாது என்றுதானே. என் பேத்திக்குப் போன வருசம் நிமோனியா வந்து கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, டாக்டர் மருந்து மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் செட்டில் பார்த்த பெயர் ஒன்று அந்தச் சீட்டில் இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கோழிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது எங்கே போய் முடியுமோ என்று.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நெதர்லாந்துச் சோதனையில் தடுப்பூசி வைரஸ் பட்ட கோழியும் இ.கோலைக்கு எளிதாக மாட்டியது என்று சொன்னேனல்லவா? அதற்காகத் தடுப்பூசி வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். தடுப்பூசி இல்லாத காலத்தை நான் பார்த்திருக்கிறேன், அம்மாவின் சாம்பலோடு. தடுப்பூசி போட்ட அடுத்த ஒரு வாரம் குஞ்சின் மூச்சுப்பாதை புண்ணாகி, வெள்ளை அணுக்கள் குவிந்து நிற்கும் வாரம் என்று தெரிந்து நடக்கணும். அந்த வாரத்தில் லிட்டரைக் கிளறித் தூசி கிளப்பாமல், படுதாவை மேலே ஒரு அடி திறந்து வைத்து, காற்று ஓட விடணும். இது எங்களுக்குத் தெரியணும் என்றால், என்றைக்கு என்ன தடுப்பூசி, என்ன வகை என்று நீங்கள் சொல்லணும். என் மகனிடம் கேட்டேன், 19-ஆம் நாள் தண்ணீரில் கலந்தது லசோட்டா மட்டுமா, ஐ.பி.யும் சேர்ந்ததா என்று. "கம்பெனி ஊசிங்ப்பா" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 19-இல் ஊசி, 23-இல் தும்மல், 28-இல் சாவு. இது தடுப்பூசி கிளப்பியதா, வயல் வைரஸா, ரெண்டும் கலந்ததா என்று விரலை எண்ணிப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. உங்களால் சொல்ல முடியும்.

மருத்துவர் தம்பிகளே, அம்மிணிகளே, உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாளுக்குப் பத்துச் செட்டு பார்க்கச் சொன்னால் சாக்குமேல்தான் அறுக்க முடியும். அதனால்தான் கடிதத்தை உங்கள் முதலாளிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அடுத்த முறை எங்கள் பக்கம் வரும்போது கத்திரிக்கோலை நான் தயாராக வைத்திருக்கிறேன். தண்ணீரில் முக்கி, இறகை நனைத்து, தொடையை விலக்கி வைக்க இன்னும் கை நடுங்கவில்லை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியும் கொடுக்கிறேன்.

முதலாளிமாரிடம் கேட்பது இதுதான். குஞ்சு வண்டியோடு வரும் சீட்டில் எண்ணிக்கையும் எடையும் மட்டும் போடாமல், எந்தத் தாய்க்கூட்டம், பொரிப்பகத்தில் என்ன தடுப்பூசி, அடுத்தது என்றைக்கு என்று நாலு வரி தமிழில் சேருங்கள். இருமல் என்று நாங்கள் சொன்ன மூன்று நாளுக்குள் ஆளனுப்பி மாதிரி எடுங்கள். முடிவு வந்தால் ஒரு நகலை எங்களுக்கும் கொடுங்கள், நல்லதோ கெட்டதோ. முடிவு வரும்வரை அந்தப் பேட்சின் சாவையும் மருந்தையும் கூலியில் பிடிக்காமல் நிறுத்தி வையுங்கள். பராமரிப்புக் குறைவு என்று தெரிந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், என் மகன் வாய் திறக்க மாட்டான். நான் திறக்க விடமாட்டேன்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் செட்டுக்குக் குஞ்சு வருகிறது. தென்னைநார்த் தூள் பரப்பியாச்சு. புரூடருக்கு பல்பு மாட்டியாச்சு. சீட்டில் அந்த நாலு வரி இருக்கிறதா என்று பார்க்க நானே வண்டிக்குப் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
பொங்கலூர்ப் பக்கத்து வளர்ப்புப் பண்ணைக்காரன் ஒருவனின் அப்பன்